நம்ம லயம் எந்த வருடம் கட்டியது?



2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்கள். நம் தோட்டங்களிலும் கூட்டம் வைத்தோம், படம் மாட்டினோம், பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். நல்ல காரியம். இருநூறு வருடக் கணக்கு இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஆனால் உங்கள் லயம் எந்த வருடம் கட்டியது, உங்கள் காம்பிராவில் உங்களுக்கு முன்னால் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "வெள்ளைக்காரன் காலத்துலங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

பங்களாவுக்கு வரலாறு இருக்கிறது. பல தோட்டங்களில் ஆபீஸ் சுவரில் ஒரு பலகை தொங்கும். எந்தத் துரை எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை இருந்தார் என்று வரிசையாக எழுதியிருக்கும். பங்களாவை ஓட்டலாக்கி, அந்த வரலாற்றைச் சொல்லி வெளிநாட்டுக்காரரிடம் காசு வாங்கும் இடங்களும் உண்டு. அந்தப் பங்களாவுக்குக் கல் சுமந்தவர்கள் இருந்த லயத்துக்குப் பலகையும் இல்லை, பல இடங்களில் ஒழுங்கான இலக்கமும் இல்லை.

லயத்துக்கும் வரலாறு உண்டு. அது அரசாங்கக் கடதாசிகளிலும், பாடசாலை அலுமாரியிலும், நம் வீட்டுத் தகரப் பெட்டியிலும் சிதறிக் கிடக்கிறது. அதைத் தேடிச் சேர்ப்பது சங்கத்தின் வேலைகளில் ஒன்று என்பது எங்கள் கருத்து. பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. வீடும் காணியும் யாருக்கு என்று பட்டியல் போடும் காலம் இது. பட்டியல் போடுகிறவர் கடதாசியைத்தான் கேட்பார், வாய்க்கதையைக் கேட்கமாட்டார்.

நம் மாகாணத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை நம் பெரியவர்கள் உருளவள்ளி என்பார்கள். 1946இல் அரசாங்கம் அந்தத் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென்று எடுத்தது. அப்போது விவசாய, காணி அமைச்சர் டி.எஸ். சேனநாயக்க. பக்கத்துக் கிராமத்து ஏழைகளுக்கும் காணி தேவைதான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த தொழிலாளருக்குக் காணி கிடைக்கவில்லை. லயத்தை விட்டு வெளியே போ என்ற நோட்டீஸ்தான் கிடைத்தது. அவர்கள் போகவில்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. களனிவெளிப் பக்கத்துத் தோட்டங்கள் ஆதரவாக நின்றன. லயத்தை விடாதவர்கள்மேல் அத்துமீறல் குற்றம் சுமத்தி வழக்குப் போட்டார்கள்.

அந்த வழக்கு செல்வநாயகம் என்ற தொழிலாளியின் பெயரில் லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. (தந்தை செல்வாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் லயத்து ஆள்.) 1950இல் தீர்ப்பு வந்தது. இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க இருந்த இடம் இது, இவருக்கு வேறு வீடு கிடையாது, இங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் இவருடைய எண்ணம், யாருக்கும் தொல்லை கொடுப்பது இவர் நோக்கமல்ல, ஆகவே இது குற்றமல்ல என்று தண்டனையை ரத்துச் செய்தார்கள். சட்டப்படி அவருடைய உரிமை செல்லாததாக இருந்தாலும்கூட, உண்மையாக நம்பிச் சொன்ன உரிமை அவரைக் குற்றவாளியாக்காது என்பதே அதன் சாரம். நம் நாட்டின் சட்டத் தீர்ப்புத் தொகுப்பில், 'நியூ லோ ரிப்போர்ட்ஸ்' 51ஆம் தொகுதி 470ஆம் பக்கத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். சட்டத்தரணிகள் இன்றும் எடுத்துக்காட்டும் வழக்கு அது.

அந்தத் தீர்ப்பை நிதானமாக வாசிக்க வேண்டும். அவர் குற்றவாளி அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. லயம் அவருடையது என்று சொல்லவில்லை. முதல் பாதி கிடைத்து எழுபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. மற்றப் பாதிக்குத்தான் இன்னும் சங்கம் வைத்துப் போராடிக்கொண்டிருக்கிறோம். வாழ்நாள் முழுக்க இருந்தேன் என்ற அந்த ஒற்றை வசனத்தை நம் ஒவ்வொரு குடும்பமும் கடதாசியால் காட்ட முடியுமா என்பதே கேள்வி.

முடியும். நாங்கள் சில ஆசிரியர்களும் தோட்டத் தலைவர்களும் சேர்ந்து கொஞ்சம் தேடிப் பார்த்தோம். எங்கே என்ன கிடைக்கிறது என்று சொல்கிறோம்.

முதலில் பாடசாலை. 1907ஆம் ஆண்டு கிராமப் பாடசாலைச் சட்டத்தோடுதான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கும் பொறுப்பு தோட்டத்தின் மேல் விழுந்தது. 1970களில் அரசாங்கம் அந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. கட்டடம் மாறியிருக்கும், பெயர் மாறியிருக்கும், ஆனால் பழைய சேர்விடாப்பு பல இடங்களில் இன்னும் இருக்கிறது. நாங்கள் திறந்த ஒன்றின் அட்டையைக் கரையான் தின்றிருந்தது. உள்ளே பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், சேர்ந்த திகதி, முகவரி என்ற இடத்தில் டிவிசனும் லயத்தின் இலக்கமும் நல்ல கையெழுத்தில் இருந்தன. இன்று பத்தாம் ஆண்டில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாத்தா, அவருடைய மகன், இந்தப் பிள்ளை, மூன்று பேருமே அதே டிவிசன், அதே லயம். அந்தப் பிள்ளை அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனாள். அடுத்த நாள் அந்த லயத்திலிருந்து நாலு பேர் வந்து தங்கள் பெயரையும் தேடச் சொன்னார்கள்.

அடுத்து பிறப்புச் சான்றிதழ். தோட்டத்தில் நடக்கும் பிறப்பையும் இறப்பையும் தோட்ட நிர்வாகம் அறிவித்துப் பதிய வேண்டும் என்று சட்டத்திலேயே தனிப் பகுதி இருக்கிறது. அதனால் நம் பழைய சான்றிதழ்களில் தோட்டத்தின் பெயர் வரும். நீங்கள் வைத்திருப்பது உங்களுடையது மட்டுமாக இருக்கும். தாத்தா, பாட்டியின் பிறப்பு, இறப்புப் பதிவுகளின் பிரதியையும் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம். பெயரும் ஏறத்தாழ எந்த வருடம் என்பதும் தெரிந்தால் தேடித் தருவார்கள். இங்கே ஒரு சிக்கல், பெயர். ராமசாமி ஓரிடத்தில் ராமன், இன்னோரிடத்தில் ராமையா. எழுதியவர் காதில் விழுந்தது போல எழுதியிருப்பார். அதைப் பார்த்து இது நம் ஆள் இல்லை என்று வைத்துவிட வேண்டாம். தகப்பன் பெயர், டிவிசன், வருடம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி பிரஜாவுரிமைக் கடதாசி. 1948இல் நம்மை நாடற்றவர்களாக்கிய பிறகு, 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. விண்ணப்பிக்க வேண்டுமானால் 1946 ஜனவரி 1க்கு முன்னால் இடைவிடாமல் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும், கலியாணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம். எத்தனையோ பேரைக் கழித்துவிடப் போட்ட கணக்கு அது. ஆனால் அதைக் காட்டத்தான் நம் பெரியவர்கள் துரையிடம் கடிதம் வாங்கினார்கள், சத்தியக் கடதாசி எழுதினார்கள், எந்தத் தோட்டத்தில் எப்போதிருந்து என்று ஒவ்வொரு வருடமாகச் சொன்னார்கள். விண்ணப்பம் தள்ளுபடியான குடும்பத்திலும் அதன் பிரதியோ, அலுவலகத்திலிருந்து வந்த பதில் கடிதமோ தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும். நம்மைத் தள்ளுவதற்காகக் கேட்ட ஆதாரம் இன்று நமக்கே ஆதாரம். அதைப் பழைய குப்பை என்று எறிந்துவிட வேண்டாம். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த கடதாசிகளும் அப்படித்தான். அண்ணன் தம்பிகளில் ஒருவர் இந்தியாவுக்குப் போய் நீலகிரியிலோ திருச்சியிலோ இருந்தால், அவர்களிடம் உள்ள கடதாசியிலும் இங்கே இருந்த தோட்டத்தின் பெயர் இருக்கும். ஒரு போன் எடுத்துக் கேட்டால் படம் அனுப்புவார்கள்.

வாக்காளர் இடாப்பை எடுத்துப் பார்த்தால் வயிறு எரியும். 1947 தேர்தலில் வாக்களித்த லயத்து ஆட்கள், 1949 திருத்தத்துக்குப் பிறகு 1952 தேர்தலில் இல்லை. அதே லயம், அதே ஆட்கள், அதே பிரட்டுக்களம். பட்டியலில் மட்டும் ஆளைக் காணோம்.

பெண்களுடைய பெயரைத் தேடுவதுதான் கஷ்டம். காம்பிரா எப்போதும் ஆண் பெயரில்தான் எழுதப்பட்டது. கொழுந்து எடுத்தவளும் பால் வெட்டியவளும் இன்னாருடைய பெண்சாதி என்று நின்றுவிடுவாள். ஆனால் 1939 மகப்பேற்று நன்மைச் சட்டத்துக்குப் பிறகு பிள்ளைப்பேற்றுக் காசு கொடுக்கத் தோட்டம் பெண்ணின் பெயரில் கணக்கு வைக்க வேண்டியதாயிற்று. செக்ரோலிலும் அவள் பெயர் தனியாக உண்டு. ஒரு தாய் தன் வேலைக்காலம் முழுக்க எந்த டிவிசனில் இருந்தாள் என்று புருஷன் பெயர் இல்லாமலே அங்கே காட்டலாம். கைம்பெண்களுக்கும், புருஷன் விட்டுப்போன தாய்மாருக்கும் வீட்டுப் பட்டியலில் இடம் கேட்கும்போது இது எவ்வளவு பெரிய விசயம் என்று மாதர் சங்கத் தலைவிமாருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

ஆட்களைப் பற்றி இவ்வளவு. இனி கட்டடமும் காணியும். கொழும்பு 7இல் தேசிய சுவடிக்கூடம் இருக்கிறது. ஒரு நாள் பேரை விட்டுவிட்டுப் போக வேண்டும், ஆகவே ஒரு தோட்டத்துக்கு ஒருவர் போனால் போதும். 1859இலிருந்து வெளிவந்த பெர்குசன் டிரெக்டரியில் தோட்டத்தின் பெயர், சொந்தக்காரர், துரை, எத்தனை ஏக்கர், அதில் என்ன பயிர் என்று இருக்கும். நம் பெயர் ஒன்றுகூட இருக்காது. ஆனாலும் தோட்டம் எப்போது விரிந்தது, தேயிலை எப்போது ரப்பர் ஆனது என்று வருட வாரியாகப் பார்த்தால், ஆட்கள் தேவைப்பட்ட காலம் தெரியும். லயம் கட்டிய காலமும் அதை ஒட்டித்தான் இருக்கும். ரயில் 1903இல் எட்டியாந்தோட்டைக்கும் 1912இல் இரத்தினபுரிக்கும் வந்தது. ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலமும் அதுதான். நம் பக்கத்து முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களின் வயதை ஊகிக்க இந்த வருடங்களை மனதில் வைத்திருங்கள். சரியான வருடம் வேண்டுமானால் அளவையாளர் வரைந்த பழைய தோட்டப் பிளானைத் தேட வேண்டும். அதில் லயங்களைக் குறித்திருப்பார்கள். 1930ஆம் வருடப் பிளானில் இருந்து 1910ஆம் வருடப் பிளானில் இல்லாவிட்டால் விடை உங்கள் கையில்.

தேடும்போது ஒரு தோட்டத்துக்கு மூன்று பெயர் என்பதை மறக்க வேண்டாம். கடதாசியில் ஆங்கிலப் பெயர், பஸ் பலகையில் சிங்களப் பெயர், நம் வாயில் தமிழ்ப் பெயர். உருளவள்ளி என்று சுவடிக்கூடத்தில் கேட்டால் கிடைக்காது, நேவ்ஸ்மயர் என்று கேட்க வேண்டும். மூன்று பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள்.

காணி யாருடையது என்பதில் நம்மிலேயே பலருக்குத் தெளிவில்லை. கம்பனியுடையது என்று நினைக்கிறோம். 1972 காணிச் சீர்திருத்தச் சட்டத்தால் தனியார் வைத்திருந்த பெரிய காணிகளும், 1975 திருத்தத்தால் கம்பனித் தோட்டங்களும் அரசாங்கத்துக்கு வந்தன. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992 ஜூனில் கம்பனிகள் உருவாகித் தோட்டங்களைப் பொறுப்பேற்றன. பெரும்பாலான கம்பனிகளுக்கு 53 வருடக் குத்தகை, 2045இல் முடிகிறது. குத்தகைக்காரர் கையில் இருக்கும் அரசாங்கக் காணியில்தான் நம் லயம் நிற்கிறது. பங்குச் சந்தையில் உள்ள கம்பனிகளின் வருடாந்த அறிக்கையை யாரும் வாசிக்கலாம், தோட்டப் பெயரும் ஹெக்டேயரும் அதில் இருக்கும். 1992இல் அரசாங்கத்திடமிருந்து வந்த கட்டடங்களைப் பல கம்பனிகள் 25 வருடத்தில் தேய்மானம் போட்டுக் கழித்தன. அதாவது 2017இல் அந்தக் கட்டடங்களின் மதிப்பு கணக்குப் புத்தகத்தில் பூச்சியம். பூச்சியத்துக்குள் இன்னும் குடும்பங்கள் சோறு பொங்குகின்றன.

சபரகமுவவில் இன்னொரு சிக்கலும் உண்டு. நுவரெலியா போல இங்கே பெரிய தோட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கவில்லை. சிறு தோட்டங்கள், தனியார் தோட்டங்கள், துண்டு துண்டாகக் கைமாறிய காணிகள். காணியை வாங்கியவருக்கு லயத்தில் இருக்கும் ஆட்கள் கணக்கில் இல்லை. இந்த இடங்களில்தான் கேகாலை, இரத்தினபுரி காணிப் பதிவகங்களுக்குப் போக வேண்டும். தொகுதி எண்ணும் பக்க எண்ணும் தெரிந்தால் அந்தக் காணி எப்போது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பதிவுப் பிரதி எடுக்கலாம். உறுதியின் பிரதியில் அந்த எண்கள் இருக்கும். காணி கைமாறிய திகதிக்கு முன்னாலேயே நாம் அங்கே இருந்தோம் என்று சேர்விடாப்பும் பிறப்புச் சான்றிதழும் காட்டினால், சட்டத்தரணியிடம் பேச ஒரு பிடி கிடைக்கும். அதுவே உறுதி ஆகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. யாராவது அப்படிச் சொல்லிக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

லயத்தையே இடிக்கச் சொல்லித்தானே கேட்கிறோம், அதன் வரலாறு எதற்கு என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பத்தடி, பன்னிரண்டடிக் காம்பிராவைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்ல நமக்கு ஆசையில்லை, அது போய்த் தொலையட்டும். ஆனால் லயம் விழுந்த மறுநாள், நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்குக் கடதாசியைத் தவிர வேறு அடையாளம் இல்லை. 2016 மே 17இல் புலத்கொஹுபிட்டியப் பக்கம் களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் சரிந்து உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. மண்சரிவு ஆபத்தென்று லயத்தைக் காலி செய்யச் சொல்லும்போது உயிர் முக்கியம், போகத்தான் வேண்டும். போன பிறகு மாற்று வீட்டுக்குப் பட்டியல் போடுகையில் செக்ரோலில் பேர் உள்ளவர் மட்டும்தானா, வேலை ஓய்ந்த பெரியவர்களும் கொழும்பில் கடை வேலை செய்யும் பிள்ளைகளும் சேர்த்தியா என்ற சண்டை வருகிறது. எத்தனை தோட்டங்களில் பார்த்துவிட்டோம். அதே போல 1977, 1981, 1983 வன்செயல்களில் நம் பக்கத்து லயங்கள் எரிந்தபோது பெட்டியோடு கடதாசியும் எரிந்தது. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் வெறுங்கையோடு போனார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்க அலுவலகத்தில் இருக்கும் பிரதிதான் மிச்சம்.

அந்தப் பிரதிகள் எவ்வளவு காலம் இருக்கும்? ஒரு தோட்டத்தில் ஆபீஸை வெள்ளையடித்தபோது பழைய செக்ரோல் புத்தகங்களைப் பின்னால் குவித்து நெருப்பு வைத்தார்கள். கேட்டதற்கு இடமில்லை என்றார்கள். 1975 முதல் 1992 வரை நம் தோட்டங்களை நடத்தியது அரசாங்கம். அந்தக் காலத்துச் செக்ரோல் அரசாங்கப் பதிவேடு, 1973 சுவடிக்கூடச் சட்டப்படி நினைத்தபடி எரிக்கக் கூடாதது என்பது எங்கள் நிலைப்பாடு. நிர்வாகத்துக்கு இடமில்லை என்றால் சுவடிக்கூடத்துக்குக் கொடுக்கட்டும். இதைச் சங்கத் தலைமை கம்பனிகளுக்கும் அமைச்சுக்கும் எழுத்தில் கேட்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திகதியில் அரச நிறுவனங்களின் கையில் இருந்த பதிவேடுகளைக் குறைந்தது 10 வருடம் பாதுகாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2027 பெப்ரவரியோடு அந்த 10 வருடம் முடிகிறது. ஆகவே இப்போதே கேட்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் மேன்முறையீடு செய்யலாம். பிரதேச செயலகத்திடம் கேளுங்கள், காணி மறுசீரமைப்பு ஆணைக்குழுவிடம் கேளுங்கள். "எங்கள் தோட்டத்தைப் பற்றி" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். தோட்டம், டிவிசன், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, என்ன பதிவேடு என்று குறிப்பாக எழுதுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு கொப்பி வரட்டும். காம்பிராவுக்கு ஒரு பக்கம் விடுங்கள்: இப்போது இருப்பவர்கள், அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள், கையில் உள்ள கடதாசிகள். ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள், ஆங்கிலக் கடதாசியையும் சிங்களக் கடதாசியையும் எழுத்துக்கூட்டி வாசிக்க அவர்களால் முடியும். மூலக் கடதாசியை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், எங்களிடமும்தான். போனில் படம் எடுத்தால் போதும். அடையாள அட்டை இலக்கம் உள்ள படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். தகவல் விண்ணப்பம் எழுத உதவி தேவையானவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாடசாலைக்கு வாருங்கள், நாங்கள் இருப்போம். வரும்போது வயதானவர் ஒருவரையும் கூட்டி வாருங்கள், தோட்டத்தின் பழைய தமிழ்ப் பெயர்கள் அவர்களுக்குத்தான் தெரியும்.